கார் ஓட்டும் ஆசை விட்டுப்போனால்: மலையக வீதிக்காரர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"வண்டியை வித்துரலாம்னு பார்க்கிறேன் அண்ணே, முன்ன மாதிரி ஓட்ட ஆசை இல்ல." இதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாருமே கார்ப் பைத்தியங்கள்தான். வேலைக்குப் போய்வர மட்டும் வண்டி வைத்திருப்பவன் இப்படிச் சொல்லவே மாட்டான், விட்டுப்போக அவனிடம் ஆசையென்று ஒன்று முதலிலேயே இருந்ததில்லை. நான் ஹட்டன் பக்கம் டயர், வீல் அலைன்மென்ட் வேலை செய்கிறேன். வண்டி ஜாக்கியில் ஏறி நிற்கும்போது சொந்தக்காரருக்கு வேறு வேலை இருக்காது, மனசில் கிடப்பதையெல்லாம் சொல்லிவிடுவார். கேட்டுக்கேட்டு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஆசை செத்துப்போச்சு என்கிற பலருக்கு உண்மையில் செத்திருப்பது முன் டயர், இல்லாவிட்டால் ஷொக், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், பர்ஸைக் கடிப்பது கடைசியில். இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்ற வேண்டாம். புது ஷொக் நாலும் போட்டுவிட்டுப் பிறகு காற்றைக் குறைத்ததும் வண்டி சரியான கதைகள் நிறைய உண்டு.

## எந்தத் தலைப்பு என்றே தெரியவில்லையா

ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு துண்டு வீதியை எடுத்துக்கொள்ளுங்கள், கொட்டகலையிலிருந்து தலவாக்கலை வரைக்கும் போதும். அதில் நண்பனுடைய வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டுங்கள் (இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு). அதில் சந்தோஷம் வந்தால் பிழை உங்கள் வண்டியில். வரவில்லையா, உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நீங்கள் போகவே போகாத ஒரு வீதிக்கு, விடிகிற நேரம் பார்த்துப் போங்கள். அங்கே வந்தால் பிழை நீங்கள் தினமும் ஓடுகிற வீதியிலும் நேரத்திலும். இரண்டிலும் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் கடைசி அறிகுறியை முதலில் வாசியுங்கள்.

## அறிகுறி: ஓட்டுகிறேன், ஆனால் கைக்கு ஒன்றும் தெரியவில்லை

வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறீர்கள், வண்டி திரும்புகிறது, அவ்வளவுதான். முன் சக்கரத்துக்குப் பிடி இருக்கிறதா, ஈரத்தில் நழுவப் பார்க்கிறதா, எதுவும் உள்ளங்கைக்கு வந்து சேரவில்லை. "வண்டி செத்த மாதிரி இருக்கு" என்பார்கள். என்னிடம் வருவதில் அதிகம் இதுதான்.

காற்று. "ஏத்தத்துக்கு நல்லா இழுக்கும்" என்று சொல்லி 38, 40 பிஎஸ்ஐ என்று அடித்துவிடுகிறார்கள். டயர் கல்லாகிவிடும், நடுப்பகுதி மட்டும் வீதியில் படும், மழை நாளில் பிடியும் குறையும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் இருப்பதுதான் கணக்கு. ஜப்பான் வண்டிகளில் கிலோபாஸ்கலில் போட்டிருப்பார்கள், 220 என்றால் 32. வண்டி ஓடாமல் குளிர்ந்து கிடக்கும் காலையில் அளக்க வேண்டும். கித்துல்கலையில் இருந்து ஏறிவந்த சூட்டோடு அளந்துவிட்டு, கூட இருக்கே என்று காற்றை இறக்காதீர்கள்.

சீட். சிரிக்காதீர்கள். முதுகைச் சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும், கிளச்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். பாதிப் படுக்கையில் ஓட்டுகிறவருக்குக் கை முழுக்க ஸ்டீயரிங்கில் தொங்குகிறது, தொங்குகிற கைக்கு என்ன தெரியும்? வீட்டில் வேறு யாராவது ஓட்டுகிற வண்டியென்றால் சீட் எப்போதோ மாறியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

டயரின் வயசு. பூ (வீதியில் படுகிற வெட்டு) எவ்வளவு மிச்சம் என்று எல்லாரும் பார்க்கிறார்கள், தேதியை யாரும் பார்ப்பதில்லை. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஆறு வயது தாண்டிய டயர், பூ முழுதாக இருந்தாலும் இறுகிப்போயிருக்கும். மலிவாகக் கிடைக்கிற ஜப்பான் பழைய டயர்களில் இது நிறைய. பளபளவென்று கறுப்பு பூசி அடுக்கியிருப்பார்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடமே விழாது. நானுஓயா ஈர வீதியில் அந்த டயர் எதையும் கைக்குச் சொல்லாது, கடைசியில் ஒரே ஒரு தடவை சொல்லும்.

அலைன்மென்ட். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க நேர் வீதி வேண்டும், நமக்கு அது எங்கே கிடைக்கிறது? நுவரெலியாவில் கிரகரி வாவி ஓரமாகக் கொஞ்சம் உண்டு. இல்லாவிட்டால் முன் டயரின் பூவை உள்ளங்கையால் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் மாதிரி தட்டுப்பட்டால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

புஷ், போல் ஜொயின்ட், ரேக் என்ட் (முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற மூட்டுகள்). கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, தோட்டத்து வீதியில் நடக்கிற வேகத்தில் போங்கள். "டக், டக்" என்று முன்னால் கேட்டால் இங்கேதான். லயத்துக்குப் போகிற கல்லு ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டிக்கு இதெல்லாம் தேய்வது வழக்கம்.

ஷொக். மூலைக்கு மூலை வண்டியை அழுத்திவிட்டு விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் பரவாயில்லை. ஆடிக்கொண்டே இருந்தால் முடிந்துவிட்டது.

நீங்களே ஆசைப்பட்டுப் போட்ட ரிம். இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். தலவாக்கலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், சீகே லான்சர், கண்ணைப் போல் பார்த்துக்கொள்கிற ஆள். 17 இஞ்சி ரிம்மும் கயிறு மாதிரி மெல்லிய டயரும் போட்டார், ஸ்பிரிங்கையும் வெட்டினார். படத்துக்கு அழகுதான். ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார், பிறகு ஓட்டுவதையே குறைத்தார், கடைசியில் விற்கப்போவதாக வந்து நின்றார். பழைய 14 இஞ்சி ரிம் வீட்டில் கிடக்கிறதா என்று கேட்டேன். கிடந்தது, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில். அதை மாட்டி, சரியான ஸ்பிரிங்கும் போட்டு, கொட்டகலை வரை போய்வரச் சொன்னேன். திரும்பி வந்து கடை முன்னால் நிறுத்தியவர் இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "அண்ணே, அந்த டீயை இங்கேயே கொடுத்துருங்க" என்றார். குடித்துவிட்டு கிளாஸை நீட்டிவிட்டு மறுபடியும் அதே திசையில் போய்விட்டார்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஸ்டீயரிங் நடுவில் ஒரு இடத்தில் சிக்குகிறது, திருப்பிவிட்டுக் கையை விட்டால் தானாகத் திரும்பி வரவில்லை, அல்லது அலைன்மென்ட் செய்து சில வாரத்தில் மறுபடி போகிறது என்றால் நீங்கள் தேடுவதை நிறுத்துங்கள். ரேக்கோ, வளைந்த பாகமோ. பள்ளத்தாக்கு ஓரத்தில் இதைப் பரிசோதிக்க வேண்டாம்.

## அறிகுறி: ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, வெறுத்துப்போகிறது

முதலில் மலையின் கணக்கு. ஒவ்வொரு 1000 மீற்றர் ஏறும்போதும் டர்போ இல்லாத என்ஜின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது, காற்று மெலிந்துபோவதால். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. கொழும்பில் பறந்த வண்டி அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் இழுக்கும், அதில் பிழையே இல்லை. கொழும்பில் ஓட்டிப் பார்த்து வாங்கி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே முகம் வாடிப்போவதற்கு இதுதான் காரணம்.

அதற்கு மேலும் குறைவாகத் தெரிந்தால் கியரைப் பாருங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க மூன்றிலேயே வைத்து மிதித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் அதிகம். 2022-இல் 92 பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனதும், பெற்றோல் செட்டில் இரவெல்லாம் வரிசையில் படுத்ததும், பிறகு கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கியதும் பலருடைய வலது காலில் இன்னும் இருக்கிறது. கட்டுப்பாடு 2023 செப்டெம்பரிலேயே போய்விட்டது, கால் மட்டும் போகவில்லை. இரண்டுக்கு இறக்கி, என்ஜினைப் பாடவிட்டு ஏறிப் பாருங்கள். ஒரு ஏற்றத்துக்கு என்ன பெரிய பெற்றோல் கூடிவிடும்?

பிறகு எயார் ஃபில்டர் (தோட்டத்து வீதி தூசியில் சீக்கிரம் அடையும்), பிளக், ஓட்டோ கியர் வண்டியென்றால் கியர் ஒயில் எப்போது மாற்றியது என்கிற கேள்வி. சிவிடி (கியர் படிகளில்லாத ஓட்டோ) வண்டியில் என்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது என்பது பாதி இயல்பு, பாதி பழைய ஒயில். 95 பெற்றோல் ஊற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால், வண்டியின் புத்தகம் 92 போதும் என்கிறதா என்று பாருங்கள். போதும் என்றால் மிச்சக் காசுக்கு ஃபில்டர் வாங்கலாம்.

660 சீசி வண்டியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை ஏறுகிறவருக்கு என்னிடம் மருந்து இல்லை.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கிளச் எரிகிற வாடை, சூட்டு முள் மேலே போவது, டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு. ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், ஸ்கேன் செய்யாமல் "சென்சர் மாத்தணும்" என்கிற பாஸிடம் (மெக்கானிக்கிடம்) மாட்டாதீர்கள்.

## அறிகுறி: இறக்கத்தில் பயம், கை வியர்க்கிறது

இதை வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். "மூட் இல்ல" என்பார்கள். கொஞ்சம் கிளறினால் இறம்பொடை இறக்கம், ரதல்ல குறுக்கு வீதி, ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குவது, இந்த மாதிரி ஓர் இடத்தின் பேர் வாயில் வரும். 2023 ஜனவரியில் ரதல்லயில் நடந்த விபத்து, 2025 மே மாதம் கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்தது, அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் விழுந்தது, இவற்றுக்குப் பிறகு பயம் கூடியவர்கள் நிறையப் பேர். பயப்படுவதில் தவறில்லை. பயம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பிரித்துப் பாருங்கள்.

கியர். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோவென்றால் "2", "எல்", ஓவர் டிரைவ் ஓஃப், என்ன இருக்கிறதோ அது. நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், நல்லா அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விட வேண்டும். இதை மட்டும் மாற்றினவர்களில் பலருக்குப் பயம் அத்தோடு போய்விட்டது, ஏனென்றால் வண்டி இப்போது அவர்கள் பிடியில் இருக்கிறது.

ஹைபிரிட்காரர்களுக்கு. நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்துவிடும், அதற்கு மேல் மோட்டார் இழுத்துப் பிடிக்காது, பிரேக் வேறு மாதிரி உணரும், என்ஜின் திடீரென்று சத்தம் போடும். பிழை இல்லை. "பி" (B, பார்க்கிங் P இல்லை) என்கிற எழுத்து கியரில் எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இந்த இறக்கம்தான்.

பிரேக் ஒயில். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் சாமான் இது. புதிய டொட் 3 ஒயில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதும் 140 பாகைக்கு வந்துவிடலாம். இறக்கத்தின் நடுவில் பெடல் பஞ்சாகிப்போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், ஹட்டன், நுவரெலியா ஈரக்காற்றில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. செலவும் பெரிதில்லை. டொட் 4 ஊற்றலாமா என்று பாஸிடம் கேளுங்கள், பெரும்பாலான வண்டிகளுக்கு ஊற்றலாம்.

பேட், டிஸ்க். பெடல் நடுங்குகிறதா, கிறீச்சென்கிறதா, ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறதா என்று இறங்கி முடித்ததும் பாருங்கள். வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டு டிஸ்கில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வளைந்துபோகும்.

கண். நாற்பது தாண்டியவர்களுக்கு. மங்கலில் வளைவு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போவதைப் பலர் "பயம்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரவில் மட்டும்தான் பயம் என்றால் முதலில் முன் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள், மஞ்சளாகிப்போன லைட் கவரைத் தேய்த்துப் பொலிஷ் செய்யுங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் எதிரே வருகிற வெளிச்சம் பூவாக விரிந்தால் கண் டொக்டரிடம் போங்கள். புரை படர்வதற்கும் இதே அறிகுறிதான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பெடல் ஒரு தடவையேனும் தரைவரை போயிருந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள், பாஸை வரச்சொல்லுங்கள். வண்டியில் எல்லாம் சரியென்றான பிறகும், ஒரு விபத்துக்குப் பிறகு ஆரம்பித்த பயம் மாதக்கணக்கில் தொடர்ந்தால், அந்த வளைவை நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டால், அது மெக்கானிக் பார்க்கிற வேலை இல்லை. ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரைப் பார்ப்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, இதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது.

## அறிகுறி: வண்டி நல்லது, வீதிதான் கழுத்தறுக்கிறது

நேரத்தை மாற்றுங்கள். இதைவிட மலிவான திருத்தம் கிடையாது. ஏ7-இல் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் காலை ஐந்தரைக்கு ஒரு வீதி, பத்து மணிக்கு முற்றிலும் வேறு வீதி. பத்து மணிக்கு டெவன் நீர்வீழ்ச்சி பார்க்கிற இடத்தில் வேன்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும், ஐந்தரைக்கு அங்கே நாய்கூட இருக்காது. ஆனால் பனிமூட்டம் இருக்கும், ஃபொக் லைட் எரிகிறதா பார்த்துக்கொள்ளுங்கள், ஹை பீமைப் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மாதத்தையும் பாருங்கள். ஏப்ரலில் நுவரெலியாவுக்குள் வண்டி ஓட்டி ரசிக்க நினைப்பது வீண் வேலை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், வார இறுதியில் மஸ்கெலியா – நல்லதண்ணி வீதி பஸ்களுக்கே சொந்தம். நீண்ட விடுமுறைக்கு எல்லப் பக்கமும் அப்படித்தான்.

பிறகு வீதியை மாற்றுங்கள். நம் ஆட்கள் முழு ஆயுளும் ஒரே வீதியில் ஓடிவிட்டு, சலித்துப்போச்சு என்கிறார்கள். நோர்வூட்டிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு போவது ஒன்று, பொகவந்தலாவையிலிருந்து பலாங்கொடைக்கு இறங்குவது ஒன்று, வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்கு ஒன்று. கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு இறங்குகிற பதினெட்டு வளைவு வீதியை அகலமாக்கிவிட்டதால் பழைய பயம் இல்லை என்று பழைய ஆட்கள் குறைப்படுவார்கள், எனக்கு இப்போதுதான் அது ஓட்டக்கூடிய வீதி. வளைவுக்குள்ளே தாளம் பிடிக்கலாம்.

ஒரே ஒரு கட்டாயம்: மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புது வீதிக்குப் போகாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்து வீதிகள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். சிவப்பு என்று போட்டிருந்தால் சாவியை மாட்டிவைத்துவிட்டு வீட்டில் இருங்கள்.

## அறிகுறி: தனியாகப் போனால் பிடிக்கிறது, ஆட்கள் ஏறினால் போச்சு

பின் சீட்டில் பிள்ளை வாந்தி, முன் சீட்டில் மாமியார் "மெதுவா, மெதுவா", டாஷ்போர்டில் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. இதில் யாருக்கு ஓட்டுகிற ஆசை வரும்?

ஃபோனை சைலன்டில் போட்டு பின் சீட்டுக்குக் கொடுங்கள். தொங்குகிற வாசனைப் போத்தலைக் கழற்றுங்கள், பாதி வாந்திக்கு அதுதான் காரணம். பிள்ளை ஃபோன் பார்த்துக்கொண்டு வந்தால் வளைவில் கட்டாயம் குமட்டும், வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியை ஓர் இஞ்சி இறக்குங்கள், எலுமிச்சங்காய் கையில் கொடுத்தாலும் நல்லதுதான்.

அப்புறம் ஒரு பந்தயம். புசல்லாவையிலிருந்து நுவரெலியா ஏறுவதற்குள் மாமியார் தூங்கிவிட வேண்டும். பிரேக் எப்போது விட்டீர்கள் என்று அவருக்குத் தெரியக்கூடாது, கியர் மாறுவது தெரியக்கூடாது, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும், உள்ளே போனபிறகு கையைத் திருத்தக்கூடாது. வேகமாக ஓட்டுவதைவிட இது கஷ்டம் என்பது முயன்று பார்த்தால்தான் தெரியும். லபுக்கலைக்கு முன்னாலேயே குறட்டை கேட்டால் நீங்கள் நல்ல ஓட்டுநர். குடும்பத்தோடு ஓட்டுவது தண்டனை என்று சொல்லிக்கொண்டிருந்த பல கார்ப் பைத்தியங்களுக்கு நான் கொடுக்கிற மருந்து இது, இதுவரை யாரும் திரும்பி வந்து திட்டவில்லை.

ஹயர் ஓடுகிறவர்கள் விஷயம் வேறு. பிடித்ததையே பிழைப்பாக்கினால் பிடிப்பு குறைவது இயற்கை. வாரத்தில் அரை நாள், காசு வாங்காமல், யாரையும் ஏற்றாமல் ஓட முடிந்தால் ஓடுங்கள். முடியாவிட்டால் ஹயருக்கு ஒரு வண்டி, மனசுக்கு ஒரு பழைய மோட்டார்சைக்கிள் என்று பிரித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

## அறிகுறி: சாவியை எடுக்கவே மனம் வருவதில்லை

போக இடம் இல்லாததா, காசா, கோபமா என்று பிரியுங்கள்.

இடம் என்றால் எளிது. போகிற இடத்தில் ஒரு வேலையை வையுங்கள். அம்பேவலையில் பால், ஹப்புத்தளையில் ஒரு நண்பன், எதுவாகவும் இருக்கட்டும். பார்ப்பதில் ஆசை இருந்தால் நுவரெலியாவின் மககஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் போங்கள், மிகப் பழைய போட்டி அது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியும் உண்டு, ஆனால் எந்தப் போட்டியானாலும் தடுப்புக்குப் பின்னால், ஓடுபாதையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். 2024 ஏப்ரலில் அங்கே கார் பாய்ந்து பார்வையாளர்கள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

காசு என்றால் பெரும்பாலும் லீசிங். மாதக் கட்டணத்தை நினைத்துக்கொண்டே சீட்டில் உட்காருகிறவருக்கு எந்த வண்டியும் ரசிக்காது, லம்போர்கினி கொடுத்தாலும். ஒரு தாளில் லீசிங், இன்சூரன்ஸ், பெற்றோல், டயர் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். வருமானத்துக்கு மிஞ்சினால் வண்டியைச் சிறிதாக்குவதுதான் திருத்தம். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025-இல் திறக்கும்வரை பழைய வண்டிகளின் விலை ஏறிக்கிடந்தது, அந்த உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கோளாறு கூடுதல். கட்டணம் இரண்டு மாதம் தவறப்போகிறது என்று தெரிந்தாலே, தவறுவதற்கு முன், லீசிங் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். வண்டியைத் தூக்க ஆள் வந்தபிறகு பேசுவது கஷ்டம்.

கோபம் என்பது, கராஜில் நாலு தடவை விட்டு நாலு தடவையும் அதே பிழையோடு திரும்பிய வண்டி. அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். வேறு பாஸிடம் போங்கள், போகும்போது அறிகுறியை மட்டும் சொல்லுங்கள், முதல் பாஸ் என்ன சொன்னார் என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவரும் அதே இடத்தில்தான் தேடுவார்.

## அறிகுறி: காரும் பிடிக்கவில்லை, எதுவும் பிடிக்கவில்லை

கிரிக்கெட் பார்க்கப் பிடிக்கவில்லை, பிள்ளையோடு பேசப் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியக்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இதில் வண்டிக்குச் சம்பந்தமே இல்லை, டயரைத் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் தூக்கம். இரவு ஷிப்ட், குறட்டை விட்டுத் தூங்கியும் பகலெல்லாம் தலை கனம், ஓட்டும்போது கண் சொருகல், இவை இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். பிறகு இரத்தப் பரிசோதனை, தைரொய்ட், சீனி, இரத்தசோகை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். புதிதாக மாத்திரை ஏதாவது ஆரம்பித்திருந்தால் அதையும் டொக்டரிடம் காட்டுங்கள்.

எதிலுமே பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகும். 1926-க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இணைப்பு. செத்துப்போகலாம் என்கிற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே அழையுங்கள், சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இந்த நிலையில் வண்டியை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். மருந்து பிடித்த பிறகு, பத்திரமாகப் போர்த்திவைத்த வண்டியைத் தேடிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

## எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் விற்கத்தான் தோன்றுகிறது

சரி, விற்றுவிடுங்கள். ஆசைகள் மாறும், இருபத்தைந்தில் இருந்த ஆசை ஐம்பதிலும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிலருக்கு அந்த இடத்தில் மோட்டார்சைக்கிள் வந்திருக்கிறது, சிலருக்கு பழைய வண்டியைக் கழற்றிப் பூட்டுகிற ஆசை, ஓட்டாமலேயே.

விற்கும்போது மட்டும் ஓபன் பேப்பரில் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளோடு வண்டி நாலு கை மாறி எங்கோ ஒரு விபத்தில் மாட்டினால் பொலிஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வாங்குகிறவரின் அடையாள அட்டைப் பிரதி, தேதி, நேரம், மீற்றர் எண் எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள், பெயர் மாற்றம் முடிந்ததா என்று தொடர்ந்து கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். ரிம் தனியாக நல்ல விலைக்குப் போகும், அதை வண்டியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.